வி10-ஆ, வி8-ஆ, பாதி மின்சாரமா? ஃபார்முலா ஒன்னின் அடுத்த இன்ஜின்

2009 ஆகஸ்ட் 30, பெல்ஜியத்தின் ஸ்பா. அதுவரை ஒரு புள்ளிகூட எடுத்திராத ஃபோர்ஸ் இந்தியா அணியின் கார் முதல் இடத்திலிருந்து கிளம்புகிறது. ஓட்டுபவர் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா. முதல் சுற்றிலேயே பின்னால் மோதல். எல்லோரையும் மெதுவாக்க பாதுகாப்பு கார் வருகிறது. அது விலகியதும், மேடேறி நீளும் கெம்மல் நேர்ப்பாதையில் ஃபெராரியின் கிமி ரைக்கோனன் ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அழுத்துகிறார். கூடுதலாக 80 குதிரைத்திறன். தாண்டிவிட்டார். அப்புறம் மீதிப் பந்தயம் முழுக்க ஃபோர்ஸ் இந்தியா அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தும் முந்த முடியவில்லை. ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாம் இடம்.

அந்தப் பட்டனின் பெயர் கெர்ஸ். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமித்து, ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல் வரை, 60 கிலோவாட் மோட்டார் வழியாகத் திருப்பித் தருவார்கள். கணக்குப் போட்டால் ஆறே முக்கால் நொடிக்கும் கொஞ்சம் குறைவு. ஃபெராரியில் அது இருந்தது, ஃபோர்ஸ் இந்தியாவில் இல்லை. இந்தியப் பெயர் தாங்கிய கார் ஜெயிக்க வேண்டிய ஒரே நாள் அப்படிப் போனதில் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரையும் சேர்க்கும் ஹைபிரிட் தொழில்நுட்பம் பந்தயத்தில் என்ன செய்கிறது என்பது அன்று டிவி பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் பட்டனை அழுத்தினார், கார் பாய்ந்தது. அவ்வளவுதான்.

இதை இப்போது எடுக்கக் காரணம், ஃபார்முலா ஒன்னின் அடுத்த இன்ஜின் எது என்ற பேச்சு. 2026-இல் வந்த புதிய விதி 2030 வரைக்குமானது. அது நடைமுறைக்கு வரும் முன்பே, 2025-இன் தொடக்கத்தில் போட்டிக்கு விதி வகுக்கும் அமைப்பான எஃப்ஐஏவின் தலைவர் முகமது பென் சுலாயெம், பத்து சிலிண்டர் கொண்ட பழைய வி10 இன்ஜினைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று பேச்சைத் தொடங்கினார். சில மாதங்களில் அது எட்டு சிலிண்டர் வி8 ஆயிற்று. அந்த ஏப்ரலில் பஹ்ரைனில் இன்ஜின் தயாரிப்பாளர்களுடன் கூடிப் பேசியபோது 2026 விதியில் கை வைப்பதில்லை, எதிர்காலத்தில் எந்த இன்ஜின் வந்தாலும் அதில் ஏதோ ஓர் அளவு மின்சாரம் இருக்கும் என்று முடிவானது. அந்த "ஏதோ ஓர் அளவு" எவ்வளவு என்பதில்தான் சண்டை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கேட்கிறது, என்ன தெரிகிறது? மின்சக்தியை எப்போது செலவழிப்பது என்பதை முடிவு செய்வது ஓட்டுநரா, மென்பொருளா? காரின் எடை என்ன ஆகிறது? இதையெல்லாம் செய்து கொடுக்க யார் தயாராக இருக்கிறார்கள்? இவற்றில் இரண்டாவது கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

சுற்றுச்சூழலை ஏன் அளவுகோலில் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். ஃபார்முலா ஒன் நிர்வாகமே 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த விளையாட்டு ஒரு வருடத்தில் வெளியேற்றிய சுமார் 2,56,000 டன் கார்பன் டை ஆக்சைடில் கார்களின் இன்ஜின்கள் விட்டது 0.7 சதவீதம்தான். சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 சதவீதம். விமானத்தில் பறக்கும் பெட்டிகளை விட்டுவிட்டு சைலன்சரைப் பிடித்துக்கொண்டு என்ன பயன்? காரை வைத்து எதையாவது நிரூபித்துக் காட்டலாம், அந்த அளவுக்குச் சரி.

சத்தம் என்பது வீண் சக்தி

ஹைபிரிட்டுக்கும் வேடிக்கைக்கும் உள்ள பகை வெறும் ரசனை சார்ந்தது இல்லை, இயற்பியலிலேயே இருக்கிறது. 2005 வரை ஓடிய 3 லிட்டர் வி10 இன்ஜின் நிமிடத்துக்கு 19,000 சுற்றைத் தாண்டிச் சுழன்றது. அடுத்து வந்த 2.4 லிட்டர் வி8-க்குக் கடைசியில் 18,000 என்று வரம்பு வைத்தார்கள். நெஞ்சுக்குள் அதிரும் அந்த அலறல் என்ன? சக்கரத்துக்குப் போகாமல் புகைக்குழாய் வழியாக வெளியே ஓடும் சக்தியின் ஒரு பங்கு.

2014-இல் வந்த 1.6 லிட்டர் வி6 டர்போ அந்த இடத்திலேயே கை வைத்தது. டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாதனம்; அதன் தண்டோடு எம்ஜியு-எச் என்ற ஒரு மோட்டாரை இணைத்தார்கள். வெளியேறும் புகை டர்போவைச் சுழற்ற, அந்தச் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டது. எரிபொருளையும் மணிக்கு 100 கிலோவுக்கு மேல் செலுத்தக் கூடாது என்று விதி. விளைவு அபாரம். 2017-இல் மெர்சிடிஸ் தன் இன்ஜின் சோதனைச்சாலையில் 50 சதவீத வெப்பத் திறனைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. எரிபொருளில் இருக்கும் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாறுகிறது என்று அர்த்தம். நாம் ஓட்டும் பெட்ரோல் கார்கள் அதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் 2014 மார்ச்சில் மெல்போர்னில் முதல் பந்தயம் முடிந்ததும் பேசப்பட்டது திறனைப் பற்றி இல்லை, சத்தத்தைப் பற்றித்தான். அந்தப் பந்தயத்தை நடத்திய ரான் வாக்கரே வெளிப்படையாகப் புகார் சொன்னார். பேட்டரியெல்லாம் செல்போனில்தான் இருக்க வேண்டும் என்கிற தொனியில் பேசினார் அப்போதைய உலகச் சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல். மே மாதம் பார்சிலோனா சோதனையில் மெர்சிடிஸ் காரின் பின்னால் நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்த ஒரு குழாயை மாட்டிப் பார்த்தார்கள். சத்தமும் கூடவில்லை, பார்க்கவும் சகிக்கவில்லை. 2016-இல் டர்போவிலிருந்து தப்பும் புகைக்குத் தனிக் குழாய் வைத்தபோது கொஞ்சம் மேம்பட்டது. உறிஞ்சி எடுக்கப்பட்ட சக்தியைச் சத்தமாகவும் கேட்டால் எங்கிருந்து வரும்?

இதைவிடப் பெரிய குறை, அந்த எம்ஜியு-எச் என்ன செய்கிறது என்று கேலரியில் ஒருவருக்கும் தெரியாதது. உலகின் மிகச் சாமர்த்தியமான இன்ஜின் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. முடிவுகளில் மட்டும் தெரிந்தது: அதைச் சரியாகச் செய்த மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை அணிப் பட்டத்தை எடுத்தது. 2015-இல் அந்த வித்தை கைவராமல் வந்து சேர்ந்த ஹோண்டாவின் இன்ஜினை, ஹோண்டாவுக்குச் சொந்தமான சுஸுகா தடத்திலேயே, "ஜிபி2 இன்ஜின்" என்று ரேடியோவில் திட்டித் தீர்த்தார் அதை ஓட்டிய ஃபெர்னாண்டோ அலோன்சோ. அதாவது ஒரு படி கீழே உள்ள போட்டியின் இன்ஜின் என்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாலைக் காருக்குப் பயன்படாது, செலவும் அதிகம், புதிதாக வருகிறவர்களுக்குத் தடை என்று சொல்லித்தான் 2026-க்கு எம்ஜியு-எச்-ஐத் தூக்கினார்கள். போர்ஷேயையும் ஆடியையும் உள்ளே இழுப்பதுதான் முக்கிய நோக்கம். ஆடி வந்தது, ரெட்புல்லுடன் பேசிக்கொண்டிருந்த போர்ஷே 2022-இல் வேண்டாம் என்று போய்விட்டது. போன போர்ஷே 2024-இல் விற்பனைக்கு விட்ட 911 ஹைபிரிட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மின் டர்போ. புகையிலிருந்து மின்சாரம் எடுக்கிற அதே வேலை.

2026: பாதிக்குப் பாதி

இப்போதைய விதியில் பெட்ரோல் இன்ஜின் சுமார் 400 கிலோவாட், மின் மோட்டார் 350 கிலோவாட். முன்பு மோட்டார் 120 தான். எரிபொருள் முழுக்கப் புதைபடிவம் சாராதது. மெர்சிடிஸ், ஃபெராரி, ஃபோர்டோடு கைகோத்த ரெட்புல், ஆடி, ஹோண்டா என்று ஐந்து தயாரிப்பாளர்கள். கார்பன் குறைப்பைக் காரணம் காட்டி 2021-இல் வெளியேறிய ஹோண்டா, மின்சாரப் பங்கு கூடியதைக் காரணம் காட்டித்தான் திரும்பியது. யார் செய்து கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு இந்த வழி வாங்கும் மதிப்பெண்ணை வேறு எதுவும் வாங்காது.

சிக்கல் பேட்டரியில். ஒரு நேரத்தில் அதில் பயன்படுத்தக்கூடிய சக்தி 4 மெகாஜூல் என்று வரம்பு. பழைய விதியிலும் அதே 4 தான். பழைய 120 கிலோவாட் மோட்டாருக்கு அது 33 நொடி வரும். புதிய 350 கிலோவாட் மோட்டார் பதினொன்றரை நொடிக்குள் குடித்துவிடும். பானை அதே பானை, குழாய் மட்டும் மூன்று மடங்கு பெரிது.

எனவே கார் எந்நேரமும் சேமித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் அதிகம் பிடிக்கும் தடத்தில் பரவாயில்லை. இத்தாலியின் மோன்ஸா போல நேர்ப்பாதை நீண்ட தடத்தில் பிரேக்கிலிருந்து மட்டும் போதிய அளவு வராது. ஓட்டுநர் வளைவுக்கு முன்பே காலை எடுத்து மிச்சம் பிடிக்கலாம். அல்லது அவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி இன்ஜினிடமிருந்து சக்தியைப் பறிக்கலாம். கால் தரையோடு ஒட்டியிருக்க, நேர்ப்பாதையின் கடைசியில் கார் வேகம் குறைகிறது! இதைச் சமாளிக்கத்தான் இறக்கைகள் நேர்ப்பாதையில் படுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் மின்சக்தி தானாகக் குறையத் தொடங்குகிறது. முன்னால் போகும் காருக்கு ஒரு நொடிக்குள் வந்துவிட்டவருக்கு மட்டும் 337 வரை முழுச் சக்தி.

பட்டன் ஓட்டுநர் கையில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கே சேமிப்பது, எங்கே விடுவது என்ற பெரும்பகுதிக் கணக்கைப் போடுவது மென்பொருள். ஒரு கார் இன்னொன்றைத் தாண்டினால் அது தைரியமா, பேட்டரி தீர்ந்துபோனதா என்று திரையில் ஒரு கோடு பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்பாவில் ரைக்கோனன் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

வி10: ஆசை பெரிது, டேங்க் அதைவிடப் பெரிது

அப்படியானால் மின்சாரமே வேண்டாம், செயற்கை எரிபொருளை ஊற்றி வி10-ஐ ஓட்டலாமே? ஆசை எனக்கும் இருக்கிறது. 2005-இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணியில் ஓட்டியது டொயோட்டா வி10. அந்தத் தலைமுறைச் சத்தத்துக்காகவே டிவி வால்யூமைக் கூட்டி வீட்டில் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த வி10 காலத்தில் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பினார்கள். 2010-இல் அது தடை செய்யப்பட்டதும், வி8 கார்களே சுமார் 150 கிலோ எரிபொருளோடு கிளம்ப வேண்டியதாயிற்று. பேட்டரியைத் தூக்கினால் கார் இலகுவாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2013-இல் வி8 காரின் குறைந்தபட்ச எடை 642 கிலோ, 2014 ஹைபிரிட்டுக்கு 691 என்பதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எரிபொருளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். 642-உம் 150-உம் 792. 691-உம், 2014-இன் உச்ச வரம்பான 100-உம் 791. கிளம்பும் கோட்டில் இரண்டும் ஒரே எடை! பந்தயம் போகப் போகத்தான் வி8 இளைக்கும். வி10 இன்னும் அதிகம் குடிக்கும். அதற்குப் பந்தயத்தின் நடுவே மறுபடி நிரப்ப வேண்டும், தீ அபாயத்தோடு. செயற்கை எரிபொருளின் விலையோ சாதாரணப் பெட்ரோலைவிடப் பல மடங்கு. தவிர, ஹோண்டாவும் ஆடியும் இதற்குச் சம்மதிப்பதற்குள் விடிந்துவிடும்.

பக்கத்து வீடுகளில் என்ன நடந்தது

உலக ராலி போட்டி 2022-இல் 100 கிலோவாட் ஹைபிரிட்டுக்கு மாறியது. மான்டி கார்லோவில் முதல் பந்தயத்தை 47 வயது செபாஸ்டியன் லோப் ஜெயித்தபோது நல்ல தொடக்கம் என்றுதான் தோன்றியது. ஆனால் காட்டுக்குள் கார் கவிழ்ந்தால் ஓடிவந்து தூக்கி நிமிர்த்துவது ராலி ரசிகர்களின் பழைய வழக்கம். ஹைபிரிட் வந்த பிறகோ, காரில் உள்ள விளக்கு பச்சையாக இருந்தால்தான் தொடலாம் என்று ஆனது. சிவப்பாக இருந்தால் கிட்டே போகக் கூடாது, மின்சாரம் தாக்கும். ரசிகனை விளையாட்டிலிருந்து இவ்வளவு நேரடியாகத் தள்ளிவைத்த தொழில்நுட்பம் வேறு இருக்குமா தெரியவில்லை. 2025-க்கு ஹைபிரிட்டை எடுத்துவிட்டார்கள். எடை 1260 கிலோவிலிருந்து 1180 ஆயிற்று. பிரிட்டனின் டூரிங் கார் போட்டியும் அதே 2022-இல் மாட்டி அதே 2025-இல் கழற்றியது. பைக் பந்தயமான மோட்டோஜிபி அந்தப் பக்கமே போகவில்லை: 2027-இல் 850 சிசி, முழுக்கப் புதைபடிவம் சாரா எரிபொருள், ஹைபிரிட் கிடையாது.

பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயமான லெ மான் வேறு கதை. 2012-இல் ஆடி ஆர்18 அங்கே ஜெயித்த முதல் ஹைபிரிட் ஆனது. அதே பந்தயத்தில் நம் சென்னைக்காரர் கருண் சந்தோக், ஹைபிரிட் இல்லாத பெட்ரோல் காரில் ஆறாவதாக வந்தார். பிறகு ஆடி, போர்ஷே, டொயோட்டா மூன்றும் சேர்ந்து செலவை எங்கேயோ கொண்டுபோய்விட்டு, 2016-இல் ஆடியும் 2017-இல் போர்ஷேயும் கிளம்பிப் போனார்கள். அப்புறம் வந்த ஹைப்பர்கார் விதி ஹைபிரிட்டைச் சிலருக்கு விருப்பத் தேர்வாக்கியது. ஃபெராரி ஹைபிரிட்டோடு 2023 முதல் 2025 வரை மூன்று முறை ஜெயித்தது. 2025-இல் ஆஸ்டன் மார்ட்டின் 6.5 லிட்டர் வி12-ஐ மோட்டார் எதுவும் இல்லாமல் இறக்கியது, ரசிகர்கள் சத்தத்துக்காகவே அதன் பின்னால் அலைந்தார்கள். பார்க்க இதைவிடச் சந்தோஷமான ஏற்பாடு கிடையாது. ஆனால் எல்லாரையும் சமமாக்க நிர்வாகமே ஒவ்வொரு காரின் சக்தியையும் எடையையும் கூட்டிக் குறைக்கிறது. ஃபார்முலா ஒன்னில் அதைச் செய்தால் முதல் வாரமே கோர்ட்டுக்குப் போவார்கள்.

அமெரிக்காவின் இண்டிகார் போட்டி எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பலமுறை தள்ளிப்போய், 2024 ஜூலையில் மிட்-ஒஹையோவில் அறிமுகமானது: ஹோண்டாவுக்கும் செவ்ரலேவுக்கும் பொதுவான ஒரே ஹைபிரிட் அமைப்பு, பேட்டரிக்குப் பதில் சட்டென்று நிரம்பிச் சட்டென்று காலியாகும் சூப்பர் கெப்பாசிட்டர், சுமார் 60 குதிரைத்திறன், சேமிப்பதும் செலவழிப்பதும் ஓட்டுநர் விருப்பம். முதல் நாளே ஸ்காட் டிக்சனின் கார் பச்சைக்கொடிக்கு முன்பே படுத்துவிட்டது உண்மைதான். ஆனால் தடத்தில் சுழன்று இன்ஜின் நின்றுபோனால் ஓட்டுநரே மறுபடி கிளப்பிக்கொள்ளலாம். வண்டி வந்து இழுக்கும்வரை பந்தயத்தை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஹைபிரிட்டால் பார்வையாளனுக்கு நேரடியாகக் கிடைத்த லாபம் என்று நான் காட்டக்கூடியது இதுதான்.

என் தேர்வு

வி8, கூடவே சிறிய மோட்டார். 2.4 லிட்டர் வி8 அந்தக் காலத்திலேயே சுமார் 750 குதிரைத்திறன் கொடுத்தது. அதோடு 2014 விதியின் 120 கிலோவாட் மோட்டாரைச் சேர்த்தால் 900-ஐத் தாண்டும். ஒரு சுற்றுக்கு 2 மெகாஜூல் போதும். பழைய ஹைபிரிட்டுகளுக்கு பிரேக்கிலிருந்து சேமிக்க அனுமதித்த அளவே அதுதான். மோட்டாரை ஜெனரேட்டராக்கி இன்ஜினிடமிருந்து சக்தியைப் பறிக்க வேண்டிய அவசியம் இல்லை, நேர்ப்பாதையில் கார் தானாக மெதுவாகாது. 2 மெகாஜூல் என்றால் பதினாறு, பதினேழு நொடி. அந்த நொடிகளை எங்கே செலவழிப்பது என்பது முழுக்க ஓட்டுநரின் கட்டைவிரலில் இருக்க வேண்டும், மென்பொருள் தானாக விடக் கூடாது. மீதம் எவ்வளவு என்று காரின் பின்னால் ஒரு விளக்கு காட்ட வேண்டும், முந்த நினைப்பவனுக்கும் கேலரிக்கும் தெரியும்படி.

மோட்டாரும் பேட்டரியும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். 2011, 2012-இல் நரேன் ஓட்டிய எச்ஆர்டி காரில் கெர்ஸே கிடையாது; வாங்க வசதியில்லாத அணி. 2012-இல் பத்து அணிகள் பட்டன் அழுத்த, இரண்டு அணிகள் பார்த்துக்கொண்டிருந்த போட்டி அது. எடையைப் பற்றி மேலே சொன்ன கணக்கு என் தேர்வையும் கடிக்கிறது. பெரிய டேங்க் வேண்டும். கிளம்பும்போது கார் கனமாகத்தான் இருக்கும். மோட்டார் தரும் பங்கு அந்த 150 கிலோவைக் கொஞ்சம் குறைக்கும், 100-க்குக் கொண்டுவராது.

யார் செய்வார்கள்? ஃபெராரி மறுக்காது. வி8 சாலைக் கார்களை இன்றும் விற்கும் ஃபோர்டு உள்ளே இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 2029 முதல் சொந்த இன்ஜின் செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. இடறும் இடம் ஆடியும் ஹோண்டாவும். பணத்தைக் கொட்டி 350 கிலோவாட் மோட்டாரைச் செய்தவர்களிடம் ஐந்து வருடத்தில் அதைக் குப்பையில் போடு என்றால் கோபம் வருவது நியாயம்தான். அவர்கள் பிடிவாதமாக நின்றால் என் இரண்டாவது தேர்வு, இருக்கிற இன்ஜினையே வைத்துக்கொண்டு பந்தயத்தில் மட்டும் மோட்டாரை 200 கிலோவாட்டுக்கு இறக்கி, முந்துபவனுக்கு மட்டும் முழு 350-ஐ விட்டுவைப்பது. 2025-இலேயே இந்த யோசனை ஃபார்முலா ஒன் ஆணையத்தின் பேச்சில் அடிபட்டது. 4 மெகாஜூல் அப்போது 20 நொடி வரும். புதிதாக எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. சத்தம் மட்டும் இப்போது இருப்பதுபோலவே இருக்கும்.